கடைக்காரர் திருப்பிக் கேட்பதையும் படியுங்கள்

போர்ச்சுகலுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் போர்ச்சுகீசிய மொழி சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் வகுப்பில் நான் ரொட்டிக் கடைக்காரியாகிவிடுவேன். எதிரே வருபவர், கைப்பேசியைப் பார்த்து மனப்பாடம் செய்ததை அழகாகவே சொல்வார்: "கெரீயா உங் பௌங், ஸ ஃபாஷ் ஃபவோர்." ஒரு ரொட்டி கொடுங்கள் என்று அர்த்தம். நான் உடனே "மைஸ் அல்கூமா கொய்ஸா?" என்பேன். அவ்வளவுதான், வகுப்பே அமைதியாகிவிடும். இன்னும் ஏதாவது வேணுமா என்றுதான் கேட்டேன். "எ தூது" என்றால் போதும், இவ்வளவுதான் என்று பொருள்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் நாம் பேசவேண்டியது மட்டும் இருக்கிறது, அவர்கள் பேசுவது இல்லை. போர்ச்சுகலில் அழுத்தமில்லாத உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிட்டுப் பேசுவார்கள். பிரேசில் காணொளிகளைப் பார்த்துப் பழகிய காதுக்கு அது வேறு மொழியாகவே கேட்கும். அதனால் என் வகுப்பில் பாதி நேரம் காதுக்குத்தான் பயிற்சி.

பில் போடும் இடத்தில் இரண்டு கேள்விகள் அநேகமாக எல்லோரையும் கேட்பார்கள். ஒன்று, பை வேண்டுமா என்பது. பைக்கு அங்கே 'சாகு' என்று பெயர், நம் சாக்கை நினைத்துக்கொண்டால் மறக்காது. இன்னொன்று, 'கோன்த்ரிபுவீன்த்' என்ற சொல் வரும் கேள்வி. பில்லில் உங்கள் வரி எண்ணைச் சேர்க்கட்டுமா என்று கேட்கிறார்கள். 9 இலக்க எண் அது. புதிதாகப் போனவர்கள், ஏதோ தப்பு செய்துவிட்டோம், அடையாள அட்டை கேட்கிறார்கள் என்று பதறிப்போகிறார்கள். பதற வேண்டாம். எண் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் "நௌங், ஒப்ரிகாது". பெண்கள் "ஒப்ரிகாத" என்று முடிக்க வேண்டும்.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. "பால் இருக்கா?" என்று கேட்டால் நாம் "ஆமாம்" என்பதைவிட "இருக்கு" என்றுதானே சொல்வோம்? அவர்களும் அப்படித்தான். "தெய்ங்?" என்று கேட்டால் "தெய்ங்" என்றே பதில் வரும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் 'சிங்', அதாவது 'ஆமாம்', எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தமிழ்க் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். புரியாதபோது சிரித்துக்கொண்டே 'சிங்' சொல்லிவிடும் பழக்கம். பை வாங்கும்போது அதனால் சில காசு போகும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

வேர்க்கடலை ஒவ்வாமை இருந்த என் மாணவி ஒருவர், அங்கே போன புதிதில் ஒவ்வொரு கடையிலும் 'அமெந்துவ' இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அது பாதாம். வேர்க்கடலைக்குச் சொல் 'அமெந்துயிங்'. கடைசி அசைதான் வித்தியாசம். இல்லை என்று பதில் வந்ததை நம்பி ஒரு பிஸ்கட்டைக் கடித்தவர், உதடு அரித்ததும் துப்பிவிட்டதால் தப்பித்தார். அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் நான் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் வாயை மட்டும் நம்பாதீர்கள். தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். அங்கே பீருடன் கொறிக்க வைக்கும் மஞ்சள் நிறப் பயறு 'த்ரமோசு' கூட, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பொட்டலங்களில் நிலைமை எளிது. ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். பொருட்பட்டியலில் அவை பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். 'கோன்தெய்ங்' என்று இருந்தால் அது சேர்ந்திருக்கிறது. 'வஷ்டீஜியுஷ்' என்று இருந்தால் சிறு துகள்கள் கலந்திருக்கலாம். தேதியிலும் கவனம் வேண்டும். 'கோன்சுமீர் அத்தே' என்று போட்டிருந்தால் அந்த நாளைத் தாண்டிச் சாப்பிடக் கூடாது. நடுவில் 'ப்ரஃபரேன்சிய' என்ற சொல் இருந்தால், அதற்குப் பின் ருசியும் தரமும் குறையலாம் என்பதுதான் பொருள்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் 'பாஞ்ஞ' (banha) என்ற சொல்லை எழுத்துவடிவத்தோடு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பன்றிக்கொழுப்பு. ரொட்டி, இனிப்பு வகைகள் சிலவற்றில் சேர்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. நான் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. கீரை சூப் மாதிரி இருக்கும் 'கால்து வேர்த்'தில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியின் ஒரு வில்லை மிதக்கும். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்.

மற்றபடி நடப்பவை சின்னத் தடுமாற்றங்கள்தான். 'பிமேந்த' மிளகு, 'பிமேந்து' குடைமிளகாய். கொத்தமல்லி 'கொயெந்த்ருஷ்'. பக்கத்திலேயே அதே மாதிரி இருக்கும் 'சால்ச'வை, அதாவது பார்ஸ்லியை, எடுத்து வந்து ரசத்தில் போட்டால் வாசனை வராது. 60 'சசேன்த', 70 'சதேன்த', இது எல்லோருக்கும் குழம்பும். "மைஷ் தவகார்", மெதுவாக, என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கடைக்கதவில் 'பூஷ்' என்று உச்சரிக்கும் சொல் எழுதியிருந்தால் தள்ளாதீர்கள், இழுங்கள்.

பேசிப் பழக நான் அனுப்புவது மீன் கடைக்குத்தான். பேரங்காடியில் என்றால் முதலில் வரிசை எண் சீட்டு எடுத்துவிட்டு நிற்க வேண்டும், அதற்கு 'சேஞ' என்று பெயர். எண் வந்ததும் மீனைக் காட்டி "போத் அரஞ்ஜார்?" என்று கேளுங்கள். செதில் எடுத்துக் குடல் நீக்கித் தருவார்கள். பிறகு அவர்களே கேட்பார்கள், பொரிக்கவா, சுடவா என்று. குழம்புக்கு என்றால் "ஆஷ் போஷ்தஷ்". துண்டு துண்டாகப் போட்டுக் கொடுப்பார்கள்.