சூடு பட்டால் பாம்பே நகர்ந்துவிடுமா?

போன வாரம் இன்னொரு பால் பைத்தான் (Ball Python, வீட்டில் வளர்க்கப்படும் சிறிய மலைப்பாம்பு) சிகிச்சைக்கு வந்தது. வயிற்றுச் செதில்கள் ஒரு சாண் நீளத்துக்கு வெந்து பழுப்பேறி, ஓரங்களில் நீர் கோத்திருந்தன. சூடு ஓர் அளவைத் தாண்டாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டேன். "ஹீட் மேட் மட்டும்தான் டாக்டர். ரொம்பச் சூடானா அதுவே அந்தப் பக்கம் போயிடும்னு கடையில சொன்னாங்க" என்றார் அதை வளர்க்கும் கல்லூரி மாணவர். ஹீட் மேட் என்பது பாம்பு இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றும் மின்விரிப்பு. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

போகாது. சூடு தாங்காமல் பாம்பு தானாக விலகிவிடும் என்பதை நம்பித்தான் இத்தனை பாம்புகள் வெந்துபோகின்றன.

பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி. கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும். அங்கே தரை வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் இரவு முழுக்க நிற்காமல் சூடேறிக்கொண்டே போகும் தரை என்று ஒன்று இயற்கையில் கிடையாது. அதனால் அப்படி ஒன்றிலிருந்து தப்பிக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. உடம்பு குளிர்ந்திருந்தால் வெப்பம் கிடைக்கிற இடத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளும். மொத்த உடம்பும் சூடேறும்வரை அசையாது. அதற்குள் மேட்டில் படிந்திருக்கும் வயிறு வெந்துவிடுகிறது. போதாததற்கு, பாம்பு மேலே படுத்திருப்பதால் சூடு வெளியேற வழியில்லாமல் அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஏறுகிறது. கட்டுப்பாடு இல்லாத மேட்டுக்கு நேர் மேலே கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் சாதாரணம். அதில் சில மணி நேரம் படுத்தாலே போதும்.

இதற்கு ஒரு எதிர்வாதமும் வரும். "பைத்தானுக்கு வாய் ஓரத்துல வெப்பத்தை உணர்ற குழிகள் இருக்கே டாக்டர், அப்புறம் எப்படித் தெரியாமப் போகும்?" இருக்கின்றன, உண்மைதான். எதிரே வரும் எலியின் உடல் வெப்பத்தை இருட்டில் கண்டுபிடிக்க அவை முகத்தில் இருக்கின்றன. வயிற்றுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவை சொல்லாது. வீடுகளில் வளர்க்கப்படும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகளே கிடையாது.

சென்னையில் இதை மோசமாக்குவது ஏசி. வெளியே கொளுத்துகிற ஊரில் சூட்டுப்புண் எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் இரவு ஏசியை 20இல் வைத்துத் தூங்குகிறீர்கள், பாம்புத் தொட்டியும் அதே அறையில் இருக்கிறது. காற்று குளிரக் குளிர, பாம்பு அந்த மேட்டை விட்டு நகராமல் விடிய விடியக் கிடக்கிறது.

தெர்மோஸ்டாட் வாங்குங்கள். ஐம்பது ரூபாய் லாபத்துக்கு விற்கிற அயர்ன் பாக்ஸில்கூட ஆட்டோ கட் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒன்றின் வயிற்றுக்கடியில் வைக்கும் பொருளுக்கு வேண்டாமா? தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். தொட்டிக்குள் பரப்பியிருக்கும் மரத்தூளுக்கு மேலே வைத்தால் பிரயோஜனமில்லை, பாம்பு தோண்டிக்கொண்டு கண்ணாடிக்கே போய்விடும். தொட்டிக்குள் செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். டேப்பில் ஒட்டிக்கொண்டு தோல் கிழிந்து வரும் பாம்புகள் தனிக் கதை.

மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30 போதும். இரண்டு பக்கமும் பதுங்கிடம் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால், சூடா குளிரா என்று பார்க்காமல் பாம்பு அதற்குள்ளேயே கிடக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமான மீட்டரை நம்பாதீர்கள், அது காட்டுவது சுவரின் வெப்பத்தை. ஹீட் ராக் என்று விற்கிற, மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல் வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பல்பு போட்டால் பாம்பு சுற்றிக்கொள்ள முடியாதபடி கம்பிக்கூடு கட்டாயம்.

ஏப்ரல், மே மாதங்களில் பிரச்சினை தலைகீழ். மாடி அறையே 36, 37 போகும்போது மேட் எதற்கு? அணைத்துவிட்டு, தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியை வைக்கவே வைக்காதீர்கள். அதற்குள் ஒரு மதியம் போதும், பாம்பு செத்துப்போகும்.

குளிர்ந்துபோனாலும் விடாது. இரை செரிக்காமல் வாந்தி வரும், நெஞ்சில் சளி கட்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். தொட்டி குளிர்ந்திருக்கும் நாளில் எலி கொடுக்காதீர்கள்.

சூட்டுப்புண் உடனே தெரியாது. முதலில் வயிற்றில் லேசான சிவப்பு, சில நாள் கழித்துத்தான் கொப்புளம். அதனால் வாரம் ஒருமுறையாவது பாம்பைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் மேட்டை அணையுங்கள், மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் விரியுங்கள். அறையில் போதிய சூடு இருக்கட்டும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டூத்பேஸ்ட் எதையும் பூசாதீர்கள். ஆழமான புண் ஆற மாதங்கள் ஆகும், பல முறை சட்டை உரித்தாக வேண்டும். முதல் வாரமே வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

தாமதமாக வருகிறவர்களில் பலர் சொல்லும் காரணம், பதிவுச் சான்று இல்லை என்ற பயம். உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு, அதை வைத்திருப்பவர்கள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாதவர்கள் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். அந்தப் பயத்துக்காக வெந்த பாம்பைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் புண்ணின் ஆழத்தை என்னால் சொல்ல முடியாது. துணிப்பையில் போட்டுக் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, வழியில் காருக்குள் விட்டுவிட்டு எங்கும் இறங்காமல் நேரே கொண்டுவாருங்கள்.