லெந்தகாரி: அதிபரா, முதல்வரா?

ஸ்பெயினின் வடக்கு மூலையில் பாஸ்க் நாடு என்று ஒரு தன்னாட்சிப் பகுதி இருக்கிறது. அதன் அரசுத் தலைவரை ஸ்பானிய நாளிதழ்கள்கூட ஸ்பானியத்தில் அழைப்பதில்லை, பாஸ்க் சொல்லையே அப்படியே போட்டு 'லெந்தகாரி' என்கின்றன. தமிழில் எழுத வரும்போதுதான் சிக்கல். 'பாஸ்க் அதிபர்' என்று எழுதினால், படிப்பவர் அது ஒரு தனி நாடு என்று நினைத்துக்கொள்வார்.

முதலில் எழுத்துக்கூட்டல். ரோமன் எழுத்தில் நடுவில் ஒரு 'ஹ' உண்டு; ஆனால் ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் பேச்சில் அந்த 'ஹ' ஒலிப்பதில்லை. அதனால் 'லெஹெண்டகாரி' என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டியதில்லை, லெந்தகாரி போதும். 'காரி' என்று முடிகிறதே, வேலைக்காரி மாதிரிப் பெண்பாலோ என்று சந்தேகம் வரலாம். இல்லை. பாஸ்க் மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் என்ற இலக்கணப் பிரிவே கிடையாது. போதாததற்கு இதுவரை அந்தப் பதவியில் இருந்த எல்லோரும் ஆண்கள்தான்.

சொல்லைப் பிரித்தால் 'லெஹென்' என்றால் முதல். பின்னால் வரும் 'காரி' ஒரு விகுதி. நாளிதழுக்கு அவர்கள் சொல்லும் 'எகுன்காரி' என்பதிலும் அதுவே இருக்கிறது. 'எகுன்' என்றால் நாள். ஆக, லெந்தகாரி என்றால் முதலில் நிற்பவர். முதல் என்பதோடு 'அர்' சேர்த்தால் நமக்கு என்ன கிடைக்கிறது? முதல்வர். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் மொழிபெயர்ப்பு சாமானியமாக அமையாது. (உடனே பாஸ்க்கும் தமிழும் உறவு மொழிகள் என்று கிளம்பிவிட வேண்டாம். பாஸ்க் எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழி. 'காரி' ஒத்து ஒலிப்பது தற்செயல்.)

இது பழைய நாட்டார் சொல்லும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சபினோ அரானா என்ற தேசியவாதி ஸ்பானியக் கலப்பு வேண்டாம் என்று பாஸ்க் வேர்களிலிருந்து சொற்களை ஆக்கத் தொடங்கினார். கொடிக்கு 'இகுரின்', தாய்நாட்டுக்கு 'அபெர்ரி' என்று அவர் ஆக்கியவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. லெந்தகாரியும் அந்த அலையில் வந்த சொல்தான்.

சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் என்றால் அது ஹொசே அந்தோனியோ அகிர்ரே லெகூபே. 1904இல் பில்பாவோவில் பிறந்தவர், குடும்பத்துக்குச் சாக்லேட் தொழிற்சாலை, படித்தது சட்டம், ஆடியது அத்லெடிக் பில்பாவோ அணியில் கால்பந்து. 1931இல் கெட்சோ ஊரின் மேயர். உள்நாட்டுப் போர் வெடித்த பிறகு, 1936 அக்டோபர் 7ஆம் தேதி, பிக்காசோ ஓவியத்தால் பின்னாளில் உலகமே அறிந்த அந்தக் கெர்னிகாவில், ஊரின் புனித ஓக் மரத்தடியில் நின்று பதவியேற்றார். கடவுளின் முன் பணிந்து, பாஸ்க் மண்ணின் மேல் நின்று, முன்னோரை நினைந்து, கெர்னிகா மரத்தின் கீழ் என் கடமையைச் சரியாகச் செய்வேன் என்பது உறுதிமொழியின் சாரம். அப்போது அவருக்கு வயது 32. (2009இல் பதவிக்கு வந்த சோசலிஸ்ட் பாட்சி லோபெஸ் உறுதிமொழியில் மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கடவுளை நீக்கிவிட்டார்.)

ஏழே மாதத்தில், 1937 ஏப்ரல் 26 அன்று, ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகாவைக் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கின. ஜூனில் பில்பாவோவும் வீழ்ந்தது. அகிர்ரே நாட்டை விட்டு வெளியேறினார். அதற்கப்புறம் நடந்தது துப்பறியும் கதை மாதிரி. 1940இல் அவர் பெல்ஜியத்தில் இருந்தபோது ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது. பனாமா தூதரக அதிகாரி ஒருவர் உதவ, மீசை வளர்த்து, கண்ணாடி மாட்டி, ஹொசே ஆந்த்ரேஸ் ஆல்வாரெஸ் லாஸ்த்ரா என்ற பனாமாக்காரராக மாறினார். சொந்தப் பெயரின் முதலெழுத்துகள் நான்கும் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொண்ட பொய்ப் பெயர் அது. தப்பித்து எங்கே போனார்? நேராக பெர்லினுக்கு! 1941இல் சில மாதங்கள் ஹிட்லரின் தலைநகரிலேயே இருந்துவிட்டு, ஸ்வீடன் போய், கப்பலேறி பிரேசில் சேர்ந்து, கடைசியில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1960 மார்ச்சில் பாரிஸில் இறக்கும்வரை அவர் லெந்தகாரிதான். அடுத்து வந்த லெய்சாவோலா 1979வரை அந்தப் பதவியை வெளிநாட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி மொழிபெயர்ப்புக்கு வருவோம். நான் 'முதலமைச்சர்' என்பதைவிட 'முதல்வர்' என்பதைத் தேர்ந்தெடுப்பேன். வேலையளவில் முதலமைச்சர் என்பதும் பொருந்தும்: 75 பேர் கொண்ட பாஸ்க் நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, அரசர் நியமிக்கிறார். ஆனால் நம் ஊர் மாதிரி மேலே ஓர் ஆளுநர் கிடையாது. அமைச்சரவைக்கும் அவரே தலைவர், மொத்தப் பகுதியின் உயர் பிரதிநிதியும் அவரே. 'அமைச்சர்' என்ற சொல் இதில் பாதியைத்தான் காட்டும். 'அதிபர்', 'ஜனாதிபதி' இரண்டும் அளவுக்கு மீறிய சட்டை. முதல் முறை 'பாஸ்க் முதல்வர் (லெந்தகாரி)' என்று எழுதிவிட்டு, பிறகு முதல்வர் என்றே தொடரலாம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். ஸ்பானியத்தில் இந்தச் சொல் அந்த ஒரு பதவியை மட்டுமே குறிக்கும். பாஸ்க் மொழியிலோ சங்கம், மன்றம் என்று எதன் தலைவரும் லெந்தகாரி ஆகலாம். ஆகவே பாஸ்க் மொழியில் வந்த கால்பந்துச் செய்தியை மொழிபெயர்க்கும்போது கிளப்பின் லெந்தகாரி என்று வந்தால், அங்கே 'தலைவர்' என்று போடுங்கள்.