ஹெர்னியா பெல்ட் ஓட்டையை அடைக்காது

வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியாகக் குடல் பிதுங்குவதுதான் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். அதற்கு பெல்ட்டையே நம்பியிருந்து, முற்றிய பிறகு எங்களிடம் ஆபரேஷனுக்கு வருபவர்கள் உண்டு. போன வாரமும் ஒருவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். தொடை இடுக்கில் வீக்கம் வந்து ஆறேழு வருஷமாம். படுத்தால் உள்ளே போய்விடும், வலியும் இல்லை என்று மெடிக்கல் ஷாப்பில் ஹெர்னியா பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார். முந்தின நாள் காலையில் வெளியே வந்த குடல் திரும்பப் போகவில்லை. பெல்ட்டை இன்னும் இறுக்கியிருக்கிறார். வாந்தி எடுத்ததும் ‘கேஸ்’ என்று எங்கோ ஓர் ஊசி, அப்புறம் ஒரு பாட்டியிடம் குடல் தட்டல். எங்களிடம் வந்தபோது தோல் சிவந்து, கையை வைக்கவே விடவில்லை. திறந்து பார்த்தால் ஒரு சாண் குடல் கறுத்துக் கிடந்தது. வெட்டி எடுத்துத்தான் இணைக்க முடிந்தது. பிழைத்துக்கொண்டார். முன்பே ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால் மறுநாளே வீட்டுக்கு நடந்து போயிருக்க வேண்டிய மனிதர், ஐசியூவில் கிடந்தார்.

பெல்ட் வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை மூடாது. பத்து வருஷம் கட்டினாலும் மூடாது. பெரியவர்களுக்கு அது தானாகவும் மூடாது, நாளாக ஆகப் பெரிதாகத்தான் செய்யும். லேகியம், எண்ணெய், யோகா எதற்கும் அது அசையாது. படுத்துக்கொண்டு, குடல் முழுக்க உள்ளே போன பிறகு கட்டினால், நடமாடும்போது வெளியே வராமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நம் ஆட்கள் அப்படியா கட்டுகிறார்கள்? நின்றபடியே, பிதுங்கியிருக்கும் குடலின் மேலேயே இழுத்து இறுக்குகிறார்கள்! ஆபரேஷன் தாங்காத உடம்பு என்றால் நாங்களே பெல்ட் எழுதித் தருவதுண்டு. நீங்களாகப் போய் வாங்காதீர்கள். சிசேரியனுக்குப் பிறகு கட்டும் அகலமான வயிற்று பெல்ட் வேறு சமாச்சாரம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

“வலி இல்லையே டாக்டர், எதுக்கு ஆபரேஷன்?” தொந்தரவே தராத சின்ன வீக்கம் என்றால், ஆண்களுக்குச் சில காலம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. அப்படிக் காத்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் பத்து வருஷத்துக்குள் வலி என்று ஆபரேஷனுக்கே வந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இடுப்பு மடிப்புக்குக் கீழே, தொடையின் மேற்பக்கம் நெல்லிக்காய் அளவு கட்டி இருந்தால் நெறிக்கட்டி என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அது ஃபெமரல் ஹெர்னியாவாக இருக்கலாம். குடல் தொடைப் பக்கம் இறங்கும் அந்த வழி குறுகலானது, குடல் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

அடுத்த பயம், ஆபரேஷனில் ஓட்டையின் மேல் வைத்துத் தைக்கும் வலை. “உடம்பு ஏத்துக்குமா?” நாங்கள் தையலுக்குப் பயன்படுத்தும் பாலிப்ரொப்பிலீன் நூல்தான், வலையாகப் பின்னியது. வெறும் தையல் போட்ட காலத்தைவிட, வலை வந்த பிறகு ஹெர்னியா திரும்ப வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. விலை கேட்டு மலைப்பவர்களுக்கு ஒரு சங்கதி: உகாண்டாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமி நீக்கிய கொசுவலைத் துணியும் விலை கூடிய வலைக்கு ஈடாகவே இருந்தது. மகாராஷ்டிரத்தின் கிராமப்புறத்தில் டாக்டர் டோங்காவ்கர் அதற்கு வெகுமுன்பே அதைச் செய்து காட்டியவர். ஆகவே சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, திறந்து செய்வதா, எந்தக் கம்பெனி வலை என்று மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கும் ஆபரேஷன்.

குழந்தைகள் விஷயம் தனி. தொப்புள் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே சரியாகிவிடும். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டி அந்தப் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்காதீர்கள், தயவுசெய்து. அதுவே தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ, அழும்போது வீங்கினால் காத்திருக்கவே கூடாது. கைக்குழந்தைக்குத்தான் குடல் சிக்கும் ஆபத்து அதிகம்.

வீக்கம் உள்ளே போகவில்லை, கல் மாதிரி இறுகிவிட்டது, வலிக்கிறது, வாந்தி, காற்றுப் பிரியவில்லை. இதில் எது வந்தாலும் அமுக்கிப் பார்க்காதீர்கள், தட்டாதீர்கள், சோடா கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும்.

சாவகாசமாகத் தேதி குறித்துச் செய்துகொள்பவர்கள், நாள்பட்ட இருமலோ மலச்சிக்கலோ சிறுநீர் முக்கிப் போவதோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சரி செய்யாமல் போட்ட வலைக்கு நாங்கள் பொறுப்பில்லை. மயக்க மருந்து டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்பார். மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்று குறைத்துச் சொல்லாதீர்கள்.