முற்றத்தை மூடியதும் வீடு ஏன் வெந்தது?

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் பெரியப்பா வீடு. திண்ணை, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம். ஒரு காலத்தில் நான்கு குடும்பங்கள் புழங்கிய இடம். சமீபத்தில் அதைப் புதுப்பித்தோம். மாட்டுக்கொட்டகை படுக்கையறையானது, குளியலறை வீட்டுக்குள் வந்தது, குரங்குத் தொல்லை தாங்காமல் முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். அடுத்த சித்திரையிலேயே வீடு வெந்தது. பழைய சுவர் ஒன்றைக்கூட இடிக்கவில்லையே, அப்புறம் எப்படி?

எங்கள் பக்கத்து வெயிலிலிருந்து தொடங்க வேண்டும். 'நீரில்லா ஆறு, மரமில்லா மலை' என்று வேலூரைச் சொல்வார்கள். (அதே வரிசையில் வரும் 'சாமியில்லாக் கோயில்', 1981இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் மறுபடி வைத்ததும் செல்லாக்காசாகிவிட்டது. மற்ற இரண்டும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.) மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் 27, 28க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பழைய வீடு பிழைப்பு நடத்துகிறது.

வெயில் படும் சுவரில் சூடு அலைபோல் உள்நோக்கி ஊர்ந்து போகும். போகப் போக இரண்டு விஷயம் நடக்கும்: அலை இளைக்கும், தாமதமாகும். செங்கல் சுவரில் சுமார் 12 சென்டிமீட்டர் கடப்பதற்குள் ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஏறக்குறைய 4 மணி நேரமும் கழிந்துவிடும். பெரியப்பா வீட்டுச் சுவர் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர். வெளிப்பக்கம் ஒரு நாளில் 30 டிகிரி ஏறி இறங்கினாலும், ஏட்டுக் கணக்குப்படி உள்பக்கத்துக்கு வருவது ஒரு டிகிரிகூட இல்லை. அந்தக் கொஞ்சமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்தி, விடியும் நேரத்தில்தான் வரும்.

மாடியில் பின்னாளில் கட்டிய ஓர் அறை இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவர், கான்கிரீட் தளம். போன மே மாதம் இரவு பதினொரு மணிக்கு அதன் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். இறக்கி வைத்த பால் குண்டான் மாதிரி கதகதவென்றிருந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது: மாலை 4 மணி வெயில் ஒன்பது அங்குலத்தைத் தாண்ட ஏழெட்டு மணி நேரம், அதாவது சரியாக நாம் பாய் விரிக்கும் நேரம். "அந்த ரூம்ல சுவத்தோரமா படுக்காதடா, முதுகு வெந்துடும்" என்று பெரியப்பா சொன்னது அனுபவக் கணக்கு.

கீழ்வீட்டின் கூரை மெட்ராஸ் தளம். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். சிமென்ட் போல அவசரப்படாது.

ஆனால் ஒன்று. தடித்த சுவர் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. பகலையும் இரவையும் கலந்து சராசரி ஆக்குகிறது, அவ்வளவுதான். நம்மூர் மே மாதச் சராசரியே 33, 34 டிகிரி. அதற்கும் கீழே போக வேண்டுமென்றால், சுவர் வாங்கி வைத்த சூட்டை ராத்திரிக்குள் யாராவது வெளியேற்ற வேண்டும்.

அந்த வேலையைத்தான் முற்றம் செய்கிறது. மேகமில்லாத இரவில் முற்றத்துத் தரையும் கூரைத் தளமும் வானத்தைப் பார்த்தே தங்கள் சூட்டைக் கதிராக வீசிவிடுகின்றன. ஆறிய தளத்தைத் தொட்ட காற்று கனத்து, முற்றத்துக்குள் இறங்கி, கிணற்றில் ஊறும் தண்ணீர்போலத் தேங்கி, தாழ்வாரம் வழியாக அறைகளுக்குள் வழியும். உள்ளே இருந்த வெப்பக்காற்று மேலே எழும்பிப் போய்விடும். விடிந்ததும் ஜன்னலை இழுத்துச் சாத்துவது பெரியம்மாவின் வேலை. முன்பு அதை வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் போட்ட ஷீட் இதைத் தலைகீழாக்கிவிட்டது. பகலில் வெயிலை உள்ளே விட்டது. தரை சூடாகி வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வெளியே விடவில்லை. எழும்பும் காற்றுக்கும் வழியில்லை. சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்டே இருந்தது, இரவில் காலியாகவே இல்லை.

இன்னொரு தப்பும் செய்தோம். சமையலறைச் சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமென்ட் அதை அடைத்ததும் ஓதம் நாலடிக்கு ஏறி, அங்கே உப்பு பூத்துப் பொரிந்தது.

இப்போது ஷீட்டைக் கழற்றிவிட்டு, குரங்குக்காகக் கம்பி வலை மட்டும் போட்டிருக்கிறோம். மழை வந்தால் முற்றம் நனைகிறது. பழைய தூம்பு வழியே தண்ணீர் தெருவுக்குப் போகிறது. மாடி அறைத் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததில் கொஞ்சம் சூடு குறைந்தது. ஆனாலும் அதில் இன்னும் யாரும் படுப்பதில்லை. பெரியப்பா ஒன்பது மணிக்கே கட்டிலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடுகிறார்.