எல்க் முடி ஏன் உருண்டு போகிறது?

இறகு, முடி, நூல் இவற்றைக் கொண்டு பூச்சி மாதிரி ஒன்றைத் தூண்டில் முள்ளின் மேலேயே கட்டி, அதைக் காட்டி ட்ரௌட் மீனை ஏமாற்றுவதுதான் ஃப்ளை மீன்பிடிப்பு. இந்தப் பொய்ப்பூச்சியைக் கட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் திணறுகிறார்கள். முள்ளின் முதுகில் சரியாக வைத்த முடிக்கற்றை, நூலை இறுக்கியதும் உருண்டு மறுபக்கம் போய்விடுகிறது. கை பழகவில்லை என்று விட்டுவிடக் கூடாது. காரணம் இயற்பியலில் இருக்கிறது, அது தெரிந்தால் கை சீக்கிரமே பழகிவிடும்.

அமெரிக்கரான ஆல் ட்ரோத் 1957-ல் உருவாக்கிய எல்க் ஹேர் கேடிஸ் என்ற பொய்ப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். கேடிஸ் பூச்சி உட்காரும்போது சிறகுகளை இருபுறமும் சரிவாக மடித்துக்கொள்ளும். அந்தச் சிறகுக்குப் பதிலாக இதில் எல்க் மானின் முடி.

வைஸ் என்ற பிடிகருவியில் மாட்டிய முள்ளில் நூலைத் தொடங்கும்போது முடிச்சே போடுவதில்லை. சில சுற்றுகள் போட்டு, அவற்றின் மேலேயே திரும்பிச் சுற்றினால் நூல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்து நிற்பாரே, அதே கணக்குதான். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றைத் தாண்டும்போது இழுவிசை ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்காகிவிடும். மூன்று சுற்றில் 285-ல் ஒரு பங்கு. ஒவ்வொரு சுற்றும் பெருக்கல், கூட்டல் இல்லை. ஆனால் இழுவிசையே இல்லாத சுற்றில் பெருக்க என்ன இருக்கிறது? அதனால்தான் பத்து தளர்ந்த சுற்றுகளைவிட நாலு இறுக்கமான சுற்றுகள் மேல். கையை எடுத்தாலும் நூல் தளராமல் இருக்கத்தான் பாபின், அதாவது நூற்கண்டைத் தாங்கும் பிடி, கனமாகத் தொங்குகிறது. முதல் சில நாட்கள் வெறும் முள்ளில் வெறும் நூலை மட்டும் சுற்றி, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று விரலுக்குத் தெரியவைப்பதுதான் நல்ல தொடக்கம் என்பேன்.

இனி முடிக்கு வருவோம். பிடித்து வைக்கும் அதே உராய்வு, நூல் சுற்றி ஓடும்போது முடியையும் தன்னோடு இழுத்துப் போகிறது. அப்படியானால் சுற்றும்போது இறுக்கக் கூடாது. முடியையும் முள்ளையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே இரண்டு தளர்ந்த சுற்று போட வேண்டும். அப்புறம் நூலை நேராகக் கீழே இழுத்தால், முடி மேலிருந்து அமுங்கும். பக்கவாட்டில் ஓட விரல்கள் விடாது.

அப்போது முடி விசிறி போல விரியும். எல்க் முடிக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் இருக்கின்றன. நூல் அழுத்தும் இடத்தில் அவை நசுங்க, அடுத்த பகுதி நிமிர்ந்துகொள்கிறது. முடியின் அடிப்பகுதியில் இது அதிகம், நுனிப்பக்கம் குறைவு.

அந்தக் காற்று மிதக்கவும் உதவுகிறது. உடலைச் சுற்றிய சேவல் இறகின் விறைத்த இழைகள் எடையைப் பரப்பிவிட, நீரின் பரப்பு இழுவிசை தாங்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் அது மீட்டருக்கு 0.073 நியூட்டன்தான், ஆனாலும் இவ்வளவு சின்ன முள்ளுக்குப் போதும். ஒவ்வொரு இழையும் நீர்ப்பரப்பில் ஒரு சிறு பள்ளம் போடும். மீன் மேலே பார்த்தால் சுமார் 97 பாகைக் கூம்புக்குள்தான் வெளியுலகம் தெரியும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு முழுக்கக் கண்ணாடி. நெருங்கிவரும் பூச்சியின் உடலுக்கு முன்னால், அந்தக் கண்ணாடியைக் குலைக்கும் பள்ளங்கள்தான் மீனுக்குத் தெரிகின்றன. ஆகவே முதல் பூச்சியின் சிறகு கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

முள்ளின் காதுக்குப் பின்னால் மட்டும் இடம் விடுங்கள். நூலின் நுனியை ஐந்தாறு சுற்றுகளுக்கு அடியில் புகுத்தி இழுக்கும் விப் ஃபினிஷ் அங்கேதான் வர வேண்டும். அதன் மேல் ஒரு சொட்டு வார்னிஷ். அது காய்வதற்குள் காதை ஊசியால் குத்தித் திறந்துவிட்டால், ஆற்றங்கரையில் நரம்பு கோர்க்கத் திண்டாட வேண்டியதில்லை.