அக்கிக்கு ஏன் 72 மணி நேரம்?

அக்கி கண்டு ஒரு வாரம் ஆன பிறகு வருகிறவர்கள்தான் எங்கள் தோல் பிரிவில் அதிகம். காவி பூசி அக்கி எழுதியாயிற்று, கொப்புளமும் காய்ந்துவிட்டது, எரிச்சல் மட்டும் போகவில்லை என்பார்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் வாருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கான காரணம் செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது.

அக்கியைத் தருவது சின்னம்மை வைரஸ். அம்மை இறங்கிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் தங்கி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது கிளம்பும். உதட்டோரக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் இதன் நெருங்கிய உறவு. உட்கருவில் நடப்பதை ஆய்வாளர்கள் விரிவாகப் பார்த்தது அதில்தான்.

வைரஸின் கூடு உட்கருத் துளையில் ஒட்டி, டிஎன்ஏவை மட்டும் உள்ளே செலுத்தும். அதை அடக்க, செல்லின் பிஎம்எல் என்ற புரதத் திரள்கள் சூழும். ஐசிபி0 என்ற வைரஸ் புரதம் அவற்றைக் கலைத்துவிடும். அவற்றின் பக்கத்திலேயே வைரஸ் டிஎன்ஏவின் நகலெடுப்பு தொடங்கும். வைரஸின் ஏழு புரதங்கள் இதற்கு அவசியம்: ஒன்று தொடக்க இடத்தைப் பிடிக்க, மூன்று சேர்ந்து இரட்டை இழையைப் பிரிக்க, ஒன்று பிரிந்த இழையைத் தாங்க, இரண்டு புது இழை கட்ட. நகலெடுப்பு நடக்கும் இடங்கள் முதலில் சிறு புள்ளிகள். சில மணி நேரத்தில் அவை வளர்ந்து, ஒன்றுசேர்ந்து, உட்கருவின் பெரும்பகுதியை அடைத்துவிடும். சுற்றிலும் சவ்வு எதுவும் இல்லாமலே மரபணுவைப் படித்து ஆர்என்ஏ கட்டும் செல்லின் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸையும் அங்கே இழுத்துக்கொள்ளும். நம் குரோமாட்டின், அதாவது புரதத்தோடு சுருண்டிருக்கும் நம் டிஎன்ஏ, ஓரத்துக்குத் தள்ளப்படும். கொப்புளத்தின் அடியைச் சுரண்டி, ஜீம்சா சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்த ஓரங்கட்டல் எங்களுக்கே தெரியும்.

அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் மருந்து தாக்குவது இந்த நகலெடுப்பைத்தான். வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதைத் தூண்டிவிட்டால்தான் அது வேலை செய்யும். வளரும் இழையில் சேர்ந்ததும் இழை அங்கேயே நின்றுவிடும். தொற்றில்லாத செல்லை அநேகமாகத் தொடாது. எவ்வளவு அழகான மருந்து! இதற்குப் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நகலெடுப்பு ஓய்ந்த இடத்தில் இந்த மருந்துக்கு வேலையில்லை; அதனால்தான் முதல் 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்கிறோம். நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. சேதமான நரம்பின் வலிக்கும் வேறு மருந்துதான்.

72 மணி நேரம் தாண்டிவிட்டதா? புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால் அப்போதும் வாருங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.