உங்கள் தெரு எவ்வளவு உயர்ந்திருக்கிறது?

சென்னையில் பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் என்னைப் போன்ற கட்டடப் பொறியாளரை அழைத்துப் போனால், சுவரில் விரிசல் உண்டா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது வாசற்படியை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய பல வீடுகளுக்குள் இன்று தெருவிலிருந்து இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. கட்டியவர் மூன்று படி ஏறிப் போகிற மாதிரிதான் கட்டியிருப்பார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஒரு முறைக்கு நான்கைந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆறு முறை போட்டால் ஒரு அடி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 'மில்லிங்' என்கிறார்கள், பழைய மேல்பரப்பை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிதாகப் போடுவது. சாலை உயரம் கூடாமல் இப்படித்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கையே அனுப்பினார். பெரிய சாலைகளில் அந்த இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. உட்தெருக்களில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. உங்கள் தெருவில் ஜல்லி வந்து இறங்கினால், வேலை தொடங்கும் முன் வாசல் தூணில் தெருவின் மட்டத்தைப் பெயின்ட்டால் குறித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு அளந்து பார்த்து, உயர்ந்திருந்தால் அந்த அளவோடு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். 'ரோடு சரியில்லை' என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது எளிது. 'ஏழு சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கிறீர்கள்' என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டி என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த உயரக் கணக்குதான். 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் மட்டும் 11. 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. எல்லா நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையங்கள் வந்துவிட்டன; கேமரா, சென்சார், பெரிய திரைகள். எந்தச் சுரங்கப்பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் நிற்பதைத் திரையில் பார்க்க முடிவதால் அது வடிந்துவிடாது.

சென்னையில் இந்தத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த பகுதி தியாகராய நகர். பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த அகலமான நடைபாதை எனக்குப் பிடித்த வேலை. வயதானவர்கள் தடுக்கி விழாமல் நடக்கிறார்கள். அதே தியாகராய நகர் 2021 நவம்பரில், ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. காரணம் புதிதல்ல. 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. அங்கே விழும் மழையில் பெரும்பகுதி மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போயாக வேண்டும். கால்வாய் அடைபட்டால் மேலே எவ்வளவு அழகாகக் கல் பதித்தாலும் பயனில்லை.

பெரிய வடிகாலாகக் கட்டிவிட்டால் தீர்ந்ததா என்று கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வடிகாலில் தண்ணீர் தானாக ஓட இறக்கம் வேண்டும். நூறு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்தால், தட்டையான நிலத்தில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வடிகாலின் அடிமட்டம் நான்கு மீட்டர் கீழே போய்விடும். சென்னை கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வடிகால் போய்ச் சேரும் ஆறு வெள்ளத்தால் நிறைந்து, கடலில் அலையேற்றமும் இருந்தால், தண்ணீர் வெளியே போகாமல் ஊருக்குள்ளேயே திரும்பும். இறக்கத்தைக் குறைத்துக் கட்டினாலோ வண்டல் தங்கி அடைத்துக்கொள்கிறது. வடிகால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விழுகிற இடத்திலேயே ஒரு பங்கு தண்ணீர் மண்ணுக்குள் இறங்காவிட்டால் எந்த வடிகாலும் தாங்காது. ஒரு காலத்தில் தென்சென்னையில் வழிந்து வரும் மழைநீரைத் தேக்கி உறிஞ்சும் வேலையைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் செய்தது. 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,250 ஹெக்டேர். பழைய சதுப்பின் பரப்பு இதைப்போலப் பல மடங்கு.

இன்னொரு கூத்து. பள்ளத்தில் போன வீட்டை ஜாக்கி வைத்து மூன்று, நான்கு அடி தூக்கித் தருகிறார்கள். வேறு வழியற்றவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தூக்கிய வீட்டின் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவரும் தூக்க வேண்டியதுதான்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலிருந்து கட்டாயம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில், சென்னையின் சராசரி மழையான சுமார் 1,400 மில்லிமீட்டருக்கு, ஆண்டில் விழுவது 1.3 லட்சம் லிட்டர். வீணாவதைக் கழித்தாலும் இருபத்தைந்து வீடுகள் சேர்ந்தால் அந்த ஒரு ரயில்.

நான் பார்க்கிற வீடுகளில் மாடியிலிருந்து மழைநீரை இறக்கும் குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை. கட்டட அனுமதிக்காக வெட்டிய குழியில் மண் நிறைந்து செடி முளைத்திருக்கும். அதைவிட மோசம், மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் மேன்ஹோலில் இணைப்பது. பெருமழையில் கழிவறை வழியாகச் சாக்கடை வீட்டுக்குள் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். யார் வீட்டுக் குழாய் என்று தெரியாமல் தெருவே அனுபவிக்கும்.

குழி எப்படி இருக்க வேண்டும் என்பது மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான கடற்கரைப் பகுதிகளில் சாதாரண உறிஞ்சுகுழியே போதும். களிமண் இருக்கும் இடத்தில் அந்தக் குழி தொட்டியாகத்தான் நிற்கும். களியைத் தாண்டி மணல் அடுக்கு வரை உறைகிணறு இறக்க வேண்டும். பழைய கிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள். வடிகட்டிய மாடித் தண்ணீரை அதில் விடுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் பேவர் பிளாக் போடுவதானால் சிமென்ட் கலவை மேல் பதிக்காமல் மணல் மேல் பதிக்கச் சொல்லுங்கள். கொத்தனார் 'ஆடும் சார்' என்பார். ஓரக்கல்லை இறுக்கிக் கட்டினால் ஆடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டி, குழியில் உள்ள வண்டலை அள்ளிவிட்டு, கூழாங்கல்லைக் கழுவித் திரும்பப் போடுங்கள். பிறகு இரண்டு டிரம் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்தக் குழி வேலை செய்யவில்லை. மழைக்கு முன்பே ஆழப்படுத்த ஆள் கூப்பிடுங்கள். அக்டோபரில் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது.